கதவு திறந்தது, கதை நின்றுவிட்டது: அறுந்த முடிவுள்ள ஃபேன்டஸி நாவலை எப்படிப் படிப்பது?

ஒரு வாசகர் எழுதிக் கேட்ட கேள்வி இதுதான். அறுநூறு பக்கத்துக்கும் மேலான ஒரு ஃபேன்டஸி நாவல். கதை முழுக்கத் தேடி அலைந்த கதவின் முன்னால் கடைசி அத்தியாயத்தில் நாயகி வந்து நிற்கிறாள். தள்ளுகிறாள். அடுத்த பக்கம் நன்றியுரை. வாசகர்களில் ஒரு பாதி 'இதைவிட நல்ல முடிவு கிடையாது' என்கிறது, மறுபாதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போகிறது. யார் சொல்வது சரி? படித்தவர் எதையாவது தவறவிட்டாரா, எழுதியவர் நட்டாற்றில் விட்டுவிட்டாரா?

பெரும்பாலும் படித்தவர் எதையும் தவறவிட்டிருக்க மாட்டார். ஒரே கடைசிப் பக்கத்தைப் படித்த இரு தரப்பும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியிருப்பார்கள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டவருக்கு ஏமாற்றம். 'இவள் எப்படிப்பட்டவள்?' என்று கேட்டவருக்கு விடை கிடைத்திருக்கலாம். அந்த இரண்டாவது கேள்விக்காவது விடை இருக்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவு தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, கீழே வருகிறேன். சில புகழ்பெற்ற நாவல்களின் முடிவுகளைப் பெயர் சொல்லிப் பேச வேண்டியிருக்கிறது. ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

அதற்கு முன்னால், கையில் இருப்பது முழுப் புத்தகம்தானா என்று பார்த்துவிடுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. 'திடீரென்று நின்றுவிட்டது' என்ற புகார்களில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்துவிடும். அச்சுப் புத்தகம் ஃபாரம் ஃபாரமாக மடித்துத் தைக்கப்படுவது. ஒரு ஃபாரத்துக்குப் பெரும்பாலும் 16 பக்கம், சில பதிப்புகளில் 8 அல்லது 32. பைண்டிங்கில் ஒரு ஃபாரம் விட்டுப்போனால் பக்க எண் 576-லிருந்து 593-க்குத் தாவும். நடுவில் நடந்தால் உடனே கண்ணில் படும். விட்டுப்போனது கடைசி ஃபாரமாக இருந்தால் தாவல் எதுவும் தெரியாது, புத்தகம் நிதானமாக முடிந்ததுபோலவே இருக்கும். பொருளடக்கத்தில் உள்ள கடைசி அத்தியாயத்தின் பெயரையும், பதிப்பு விவரப் பக்கத்தில் பக்க எண்ணிக்கை இருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி வாக்கியம் முற்றுப்புள்ளி இல்லாமல் நின்றால் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

மின்னூலில் வேறு மாதிரி ஒரு சிக்கல். திரையில் தெரியும் சதவீதம் மொத்தக் கோப்புக்கானது, நாவலுக்கு மட்டுமானது அல்ல. ஃபேன்டஸி நாவல்களின் பின்பகுதியில் சொல்லகராதி, வம்ச விளக்கம், அடுத்த பாகத்தின் மாதிரி அத்தியாயம் என்று நிறைய இருக்கும். 88 சதவீதத்தில் கதை முடிந்துவிடும். இன்னும் 12 சதவீதம் இருக்கிறதே என்று சாவகாசமாகப் படித்துக்கொண்டு வந்தவருக்கு, நிதானமாக எழுதப்பட்ட முடிவுகூடத் தலையில் தட்டியதுபோல இருக்கும். காகிதத்தில் வலது கையிலுள்ள கனம் குறைந்துகொண்டே வந்து மனதைத் தயார்ப்படுத்தும். திரையில் அந்த உதவி இல்லை. கடைசி நான்கைந்து அத்தியாயங்களுக்கு வந்ததும் பொருளடக்கத்தைத் திறந்து, இன்னும் எத்தனை அத்தியாயம் மிச்சம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. 'முடிவு ரொம்ப அவசரம்' என்று எழுதுவதற்கு முன், நீங்கள் படித்தது எந்த வடிவத்தில் என்பதையும் யோசியுங்கள்.

மூன்றாவது சாத்தியம், அது பாதிப் புத்தகமாகவே இருப்பது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதை) மூன்றாம் பாகம் 2000-ல் ஒரே நூலாக வந்தது. பிரிட்டிஷ் பேப்பர்பேக்கில் அது 'ஸ்டீல் அண்ட் ஸ்னோ', 'ப்ளட் அண்ட் கோல்ட்' என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அதே தொடரின் ஜெர்மன், பிரெஞ்சு மொழிபெயர்ப்புகளிலும் ஒரு பாகம் பல நூல்களாக உடைக்கப்பட்டது. முதல் துண்டை மட்டும் வாங்கியவர் கீழே வைக்கும் இடம் ஆசிரியர் முடிவாக நினைத்த இடமே இல்லை. டோல்கீன் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை ஒரே படைப்பாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய காகித விலையையும் விற்பனை அபாயத்தையும் கணக்குப் போட்டுத்தான் பதிப்பகம் அதை மூன்றாக்கி 1954-லும் 1955-லும் வெளியிட்டது. அந்த வெட்டுகளில் ஒன்று எப்படி வேலை செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

பிரதி முழுமையானது என்று தெரிந்துவிட்டால் அடுத்த வேலை பெயர் வைப்பது. வாசகர்கள் எல்லாவற்றையும் 'ஓப்பன் எண்டிங்' என்றோ 'கிளிஃப்ஹேங்கர்' என்றோ ஒரே கூடையில் போட்டுவிடுவதால்தான் பாதிச் சண்டை. முடிவுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். தொங்கும் முடிவில் (கிளிஃப்ஹேங்கர்) ஆபத்து உச்சத்துக்கு வந்திருக்கும், 'தொடரும்' என்று சொல்லாமல் சொல்லியிருக்கும். திறந்த முடிவில் கேள்வி முழுதாக உருவாகியிருக்கும், விடை மட்டும் வாசகரிடம் விடப்பட்டிருக்கும். அறுந்த முடிவில் கேள்வியே முழுதாக உருவாகியிருக்காது, அதற்குள் காகிதம் தீர்ந்துவிடும். முதல் இரண்டும் உத்திகள். மூன்றாவது குறை.

திறந்த முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்குப் பழக்கமான வேதாளத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. மூல வடிவில் 25 கதைகள். ஒவ்வொன்றின் முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும்; ராஜா விடை சொல்லி மௌனம் கலைந்ததும் மறுபடி மரமேறிவிடும். கடைசிக் கதையில் ஒரு தாயும் மகளும், ஒரு தந்தையும் மகனும். தந்தை மகளை மணக்கிறான், மகன் தாயை மணக்கிறான். பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? ராஜாவிடம் விடை இல்லை. வாசகரிடமும் இல்லை. ஆனாலும் யாரும் ஏமாந்ததாக உணர்வதில்லை, ஏனென்றால் கேள்வி முழுசாக இருக்கிறது: யார் யாரை மணந்தார்கள் என்ற விவரத்தில் ஒரு இழைகூட விடுபடவில்லை. அதுமட்டுமல்ல, ராஜா வாயடைத்து நிற்பதே மேல்கதையை நகர்த்துகிறது. வேதாளம் மகிழ்ந்து, சந்நியாசியின் சூழ்ச்சியை எச்சரிப்பது அந்த மௌனத்தால்தான்.

இதேபோல 1882-ல் அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஸ்டாக்டன் ஒரு சிறுகதை எழுதினார். தண்டனைக்கு நிறுத்தப்பட்ட ஓர் இளைஞன் முன்னால் இரண்டு கதவுகள்: ஒன்றின் பின்னால் புலி, மற்றொன்றின் பின்னால் அவனுக்கு மணமகள். எதன் பின்னால் எது என்று காதலியான இளவரசிக்குத் தெரியும். அவள் வலப்பக்கக் கதவைக் காட்டுகிறாள், அவன் திறக்கிறான், வெளியே வந்தது எது என்று ஆசிரியர் வாசகரிடமே கேட்டுவிட்டு முடித்துவிடுகிறார். விடை கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. 1885-ல் அவர் அதன் தொடர்ச்சியாக ஒரு கதை எழுதினார், அதிலும் விடை சொல்லவில்லை. இருந்தும் அந்தக் கதை இன்றுவரை படிக்கப்படுகிறது. காரணம், கதை நிற்கும் இடத்தில் இளவரசியின் பொறாமையும் காதலும் சரிசமமாக நம் முன்னால் வைக்கப்பட்டுவிட்டன. விடைக்குத் தேவையான எல்லாம் வாசகர் கையில் இருக்கிறது.

அறுந்த முடிவில் இல்லாதது இதுதான். வித்தியாசத்தைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு சின்னக் கதையைக் கற்பனை செய்வோம். ஒரு நாடு. அங்கே மந்திரம் செய்பவர், ஒவ்வொரு மந்திரத்துக்கும் தன் நினைவில் ஒன்றை விலையாகக் கொடுக்க வேண்டும். பெரிய மந்திரத்துக்குப் பெரிய நினைவு. கடத்தப்பட்ட தம்பியைத் தேடி ஒரு பெண் புறப்படுகிறாள். கடைசியில் அவன் அடைபட்டிருக்கும் கதவுக்கு வந்து சேர்கிறாள். அது மந்திரத்துக்கு மட்டுமே திறக்கும். விலை, தம்பியைப் பற்றிய அத்தனை நினைவுகளும்.

ஒரு முடிவு இப்படி: 'அவள் கதவில் கை வைத்தாள். உள்ளே ஏதோ அசையும் சத்தம் கேட்டது.' முற்றும்.

இன்னொரு முடிவு: 'அவள் கதவில் கை வைத்தாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு பையன் எழுந்து நின்றான். "அக்கா" என்றான். யாரைக் கூப்பிடுகிறான் என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.' முற்றும்.

இரண்டாவதிலும் எத்தனையோ கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. இருவரும் தப்பித்தார்களா? நினைவு திரும்புமா? கடத்தியவன் எங்கே? ஒன்றுக்கும் விடை இல்லை. ஆனால் நாவல் முதல் அத்தியாயத்திலிருந்து எதை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததோ, அதாவது இவள் அந்த விலையைக் கொடுப்பாளா என்பது, தீர்ந்துவிட்டது. கொடுத்துவிட்டாள், நம் கண் முன்னால். முதல் முடிவில் அவள் கொடுத்தாளா என்றே தெரியாது. 'அதை வாசகர் யோசிக்கட்டும்' என்று சொல்லலாம்தான். ஆனால் அறுநூறு பக்கமாக அவளோடு நடந்து வந்த வாசகர் கடைசியில் பார்க்கக் காத்திருந்தது அந்த ஒரு நொடியைத்தான். இரண்டு முடிவுக்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம் மூன்றே வாக்கியம். 'இன்னும் ஐம்பது பக்கம் எழுதியிருக்கலாம்' என்று வாசகர்கள் குறைசொல்லும் பல நாவல்களில் உண்மையில் குறைவது ஒரு பத்திதான்.

டோல்கீனின் இரண்டாம் பாகம் இதற்குச் சரியான சான்று. 1954 நவம்பர் 11 அன்று வெளியான அந்தப் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் நாயகன் ஃப்ரோடோ உயிரோடு எதிரியின் கையில் சிக்கிவிட்டான். அவனுடைய பணியாளும் தோழனுமான சாம், பூட்டிய கதவில் மோதி விழுந்து கிடக்கிறான். மூன்றாம் பாகம் வந்தது 1955 அக்டோபர் 20 அன்று. ஏறக்குறைய பதினொரு மாதம் வாசகர்கள் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றார்கள். சம்பவத்தைப் பார்த்தால் படுமோசமான தொங்கல். ஆனால் கடைசி அத்தியாயத்தின் தலைப்பே சாமின் தேர்வுகளைப் பற்றியது. எஜமானன் இறந்துவிட்டான் என்று நம்பி, மோதிரத்தை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர முடிவு செய்கிறான். அவன் உயிரோடு இருப்பது தெரிந்ததும் தன் இடம் எது என்று புரிந்து, திரும்பி ஓடி வருகிறான். கதவு திறக்கவில்லை, சாம் யாரென்று தெரிந்துவிட்டது. அதனால்தான் காகிதக் கணக்கால் விழுந்த அந்த வெட்டு கதையைக் கொல்லவில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' தொடரின் மூன்றாம் பாகம், 1991. புத்தி கெட்ட ஒரு ரயில், பயணிகளோடு விடுகதைப் போட்டி. தோற்றால் எல்லோருக்கும் சாவு. போட்டி தொடங்கும் இடத்தில் புத்தகம் முடிகிறது. முடிவு திடுதிப்பென்று இருப்பதை ஆசிரியரே புத்தகத்தின் கடைசிக் குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த பாகம் 1997-ல்தான் வந்தது. சாமுக்கு நடந்ததுபோல இங்கே யாரும் ஒரு முடிவை எடுத்து முடிக்கவில்லை, எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஆறு வருடக் காத்திருப்பு கசந்ததில் ஆச்சரியமில்லை.

இனி, ஃபேன்டஸியில் மட்டும் ஏன் இந்தக் கோபம் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? புத்தகம் தடிமன் என்பதால் மட்டும் இல்லை. நம் உலகத்தில் நடக்கும் ஒரு குடும்ப நாவல் பாதியில் நின்றால் மிச்சத்தை வாசகர் தன் அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்வார். நீதிமன்றம் எப்படி நடக்கும், மாமியார் என்ன சொல்வாள், கடன்காரன் எப்போது வருவான் என்று அவருக்குத் தெரியும். ஃபேன்டஸியில் அப்படி முடியாது. இறந்தவர் திரும்ப வர முடியுமா, சாபத்துக்கு விமோசனம் உண்டா, அந்த வாள் யாருக்குக் கட்டுப்படும் என்ற விதிகள் ஆசிரியர் ஒருவரிடம்தான் இருக்கின்றன. அவர் சொல்லாமல் போனால் வாசகரால் ஊகிக்கக்கூட முடியாது. திறந்த முடிவு வைக்க நினைக்கும் ஃபேன்டஸி எழுத்தாளர், விதிகளை முன்னாலேயே முழுக்கச் சொல்லிவிட வேண்டும். விதிகளும் மர்மம், முடிவும் மர்மம் என்றால் வாசகர் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

தீர்க்கதரிசனம் இன்னும் ஆபத்தானது. 'மூன்றாம் சந்திரன் உதிக்கும் இரவில் அரியணை எரியும்' என்று நூறாவது பக்கத்தில் ஒரு கிழவி சொல்லிவிட்டால் அது எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டு. பொய்யாகலாம், எதிர்பாராத விதத்தில் பலிக்கலாம், யாரோ திரித்தது என்று தெரியவரலாம். பேச்சே இல்லாமல் போகக் கூடாது. வரைபடமும் அப்படித்தான்: முதல் பக்கத்து வரைபடத்தில் பெரிய எழுத்தில் போட்ட ஊருக்குக் கதை கடைசிவரை போகவே இல்லையென்றால், அது தொடரின் முதல் பாகம் என்பதற்கு அதுவே அடையாளம். வாங்கும் முன் கவனிக்க வேண்டிய இடம்.

விட்டுப்போன இழைகள் எல்லாமே குறை என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மைக்கேல் எண்டேவின் 1979 நாவலான 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி'யில் கிளைக்கதைகள் பிரியும் இடங்களில் 'அது வேறு கதை, இன்னொரு சமயம் சொல்லப்படும்' என்று வாசகரிடம் சொல்லிவிட்டே ஆசிரியர் நகர்ந்துவிடுவார். இழை அறுந்தது என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் கண்ணுக்கு நேரே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போது மற்றவர்களின் விமர்சனங்களை எப்படிப் படிப்பது என்பதற்கு வருவோம். நட்சத்திரத்தை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பாருங்கள். 'கடைசியில் அவசர அவசரமாக முடித்துவிட்டார்' என்றால் பெரும்பாலும் வேகத்தைப் பற்றிய புகார்: முடிவு இருக்கிறது, அதற்கு ஒதுக்கிய இடம் போதவில்லை. 'சப்பென்று போய்விட்டது' என்றால் விடை கிடைத்திருக்கிறது, எழுப்பிய எதிர்பார்ப்புக்கு அது ஈடாகவில்லை. 'அம்போவென்று விட்டுவிட்டார்' என்பவர்தான் உண்மையில் அறுந்த முடிவைப் பற்றிப் பேசுகிறார். 'ஏமாற்றிவிட்டார்கள்' என்ற சொல்லுக்கு முன்னால் அட்டையையும் ஒருமுறை பாருங்கள். பின்னட்டையில் எங்கேயும் 'முதல் பாகம்' என்று போடாமல் தொடரின் தொடக்கத்தைத் தனி நாவல்போல விற்றிருந்தால் அந்தக் கோபம் பதிப்பகத்தின் மேல் போக வேண்டியது. ஆசிரியருக்கு விழும் ஒற்றை நட்சத்திரங்களில் இப்படித் தவறான முகவரிக்குப் போனவை கணிசம்.

விமர்சனம் எழுதப்பட்ட தேதி ரொம்ப முக்கியம். மார்ட்டினின் தொடரில் 2005-ல் வந்த நான்காம் பாகத்தில் முக்கியமான பாத்திரங்கள் பலரைக் காணவே காணோம். கதை நீண்டுவிட்டதால் காலவரிசைப்படி வெட்டாமல் பாத்திரங்கள் வாரியாகப் பிரித்ததாக அவரே குறிப்பில் சொன்னார். மிச்சப் பேர் வந்தது 2011-ல். அந்த ஐந்தாம் பாகமும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியதால், புத்தகம் முழுக்க ஏற்பாடு செய்யப்பட்ட இரண்டு பெரிய போர்கள் அடுத்த பாகத்துக்குத் தள்ளப்பட்டன. பனிச்சுவர்க் காவலர்களின் தலைவன் கத்திக்குத்தில் விழும் இடத்தோடு அவன் கதை நிற்கிறது. வெளியான வருடத்தில் 'அடுத்ததில் தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கையோடு படித்தவரும், அடுத்தது வராமலே பத்து வருடம் கடந்தபின் படித்தவரும் ஒரே பக்கங்களுக்கு வேறு வேறு தீர்ப்பு எழுதுவார்கள். பேட்ரிக் ராத்ஃபஸின் முத்தொடரிலும் அதே நிலை: முதல் இரண்டு பாகங்கள் 2007-லும் 2011-லும், அதன்பின் மூன்றாம் பாகத்துக்கான நீண்ட காத்திருப்பு. ராபர்ட் ஜோர்டான் 2007-ல் தன் 'தி வீல் ஆஃப் டைம்' தொடரை முடிக்காமல் இறந்தார். ஆனால் குறிப்புகளையும், இறுதிக் காட்சி உட்படச் சில பகுதிகளையும் விட்டுச்சென்றிருந்தார். அதை வைத்து பிராண்டன் சாண்டர்சன் 2009, 2010, 2013 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக முடித்தார். ஒரே பாகமாக முடிப்பதாகத்தான் முதலில் திட்டம். நடுப்பாகங்களைப் பற்றி 2008-க்கு முன் எழுதிய புலம்பல்களை இன்று ஒருவர் தொடரைத் தொடங்கலாமா என்று முடிவு செய்யப் பயன்படுத்தினால் தவறான இடத்துக்குத்தான் போவார்.

சரித்திர நாவல்தான், ஃபேன்டஸி இல்லை. இருந்தாலும் வாசகர் எதிர்வினைக்குத் தமிழில் 'பொன்னியின் செல்வன்' போல ஒரு பாடம் கிடையாது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர். முடிந்ததும், சட்டென்று நிறுத்திவிட்டதாக வாசகர்கள் குறைபட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் நாவலின் நடுக்கேள்வி தீர்ந்திருந்தது. மகுடம் யாருக்கு என்பதற்கு அருண்மொழியின் தியாகம் விடை சொல்லிவிட்டது. ஆனால் கடைசி அத்தியாயம் மணிமேகலையின் சாவோடு நிற்கிறது. வந்தியத்தேவனும் குந்தவையும் என்ன ஆவார்கள் என்று மூன்றரை வருடம் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடம் முடிவாகத் தெரியாததில் நியாயம் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பதைப் பற்றி வாசகர்கள் இன்றும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, ரசித்து வாதாடுகிறார்கள். அந்த இருட்டறையில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன காரணம் என்பதெல்லாம் நம் முன்னால் இருக்கிறது. கேள்வி முழுசு.

உங்கள் நாவலுக்கு இதைப் பொருத்திப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். முடித்த அன்றைக்கே செய்ய வேண்டாம், இரண்டு மூன்று நாள் ஆறட்டும். அறுநூறு பக்க நாவலென்றால் முதல் அறுபது பக்கத்தை மறுபடி படியுங்கள், பிறகு கடைசி முப்பது. ஒரு தாளில் முதல் அறுபது பக்கம் கொடுத்த வாக்குறுதிகளை எழுதுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுவது: மனதில் எழுந்த ஆர்வங்களையெல்லாம் வாக்குறுதி என்று எழுதிவிடுவார்கள். சத்திரக்காரன் மகளுக்குக் கல்யாணம் ஆனதா என்பது ஆர்வம். கதைசொல்லி அழுத்திச் சொன்னது, அத்தியாயத் தலைப்பாக வைத்தது, ஒரு பாத்திரம் சத்தியம் செய்தது, தீர்க்கதரிசனமாக வந்தது, இவைதான் வாக்குறுதி. கறாராக எடுத்தால் ஆறிலிருந்து பத்துக்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் 'தீர்ந்தது', 'தெரிந்தே விட்டது', 'மறந்தது' என்று மூன்றில் ஒன்றைப் போடுங்கள்.

தெரிந்தே விட்டதையும் மறந்ததையும் எப்படிப் பிரிப்பது? அந்த இழை கடைசியாக எந்தப் பக்கத்தில் தொடப்பட்டது என்று தேடுங்கள். மின்னூலில் பெயரைப் போட்டுத் தேடினால் நொடியில் வந்துவிடும். அறுநூறு பக்கத்தில் கடைசித் தொடுகை 240-ஆம் பக்கம் என்றால் ஆசிரியர் அதை மறந்திருக்கிறார், அல்லது திருத்தத்தில் ஒரு பகுதியை வெட்டும்போது அதன் மறுமுனையும் போய்விட்டது. கடைசி மூன்றில் ஒரு பங்கில், அதாவது 400-க்குப் பிறகு, ஒரு முறையாவது தொட்டுவிட்டு விட்டிருந்தால் பெரும்பாலும் வேண்டுமென்றே விட்டது. கடைசியாக, தாளின் அடியில் தனியாக ஒரு வரி: முக்கியப் பாத்திரம் எடுக்க வேண்டியிருந்த பெரிய முடிவை எடுத்தாயிற்றா, அது பக்கத்தில் இருக்கிறதா? மற்ற எல்லாம் தீர்ந்து இது மட்டும் தீராவிட்டால் நாவல் அறுந்ததுதான். மற்றதில் பாதி தீராமல் இது தீர்ந்திருந்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அது முடிவுதான்.

அறுந்த கதை அதிக நாள் நினைவில் நிற்கிறதே, அதனால் அதுவே சிறந்த உத்தி இல்லையா என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். 1927-ல் உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் வெளியிட்ட ஆய்வைத்தான் அதற்குத் துணைக்கு இழுப்பார்கள்: பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளை மனிதர்கள் முடித்தவற்றைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார்கள் என்பது. பின்னால் வந்த சோதனைகளில் அந்த முடிவு சீராகக் கிடைக்கவில்லை. தவிர, நினைவில் நிற்பதும் நிறைவு தருவதும் ஒன்றல்ல. செருப்பில் சிக்கிய கல்லும் நினைவில்தான் இருக்கும்.

நீங்கள் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் முதல் இரண்டு வரியில் மூன்று தகவல் கொடுத்துவிடுங்கள்: தனி நாவலா, தொடரின் எத்தனையாவது பாகம், நீங்கள் படிக்கும்போது அடுத்தது வெளிவந்திருந்ததா. பிறகு முடிவைச் சொல்லாமலே முடிவின் வகையைச் சொல்லலாம். 'சம்பவம் தொங்குகிறது, நாயகியின் கதை நிறைகிறது' என்ற ஒரு வரி, ஸ்பாய்லர் இல்லாமல், ஐந்து பத்திப் புலம்பலைவிட அடுத்த வாசகருக்கு உதவும். 'முடிவே இல்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வாக்குறுதி தீரவில்லை என்று, அது தொடங்கிய பக்கத்தோடு சொல்லுங்கள். அந்தப் புகாரை எழுத்தாளரும் மதிப்பார்.

நீங்கள் கேட்ட நாவலுக்கே வருகிறேன். நாயகி கதவைத் தள்ளுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். தள்ளுவதற்கு அவள் எதையாவது இழக்க வேண்டியிருந்ததா, அல்லது கதவு தாழிடாமலே கிடந்ததா? இழக்க வேண்டியிருந்து, அதை இழந்துதான் தள்ளினாள் என்றால், பாராட்டிய பாதி வாசகர்கள் சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் என்ன என்பது மட்டுமே நாவலின் கேள்வியாக இருந்தால் அந்த ஒற்றை நட்சத்திரங்களுக்குக் காரணம் இருக்கிறது. முதல் அறுபது பக்கத்தைப் புரட்டுங்கள். அந்தக் கதவைப் பற்றிய பேச்சு முதலில் எங்கே வருகிறது, யார் வாயால் வருகிறது, அதைத் திறந்தவர்களுக்கு என்ன ஆகும் என்று அங்கே ஏதாவது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.